கண்ணாடிக் கூட்டில் இருந்த பல்பு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவும் நானும் நலம். முழங்கால் வலி குறைந்துவிட்டது என்கிறார். குறைந்த மாதிரி நடக்கவில்லை.

பழைய டிராக்டரை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அப்பாவும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த வியாபாரியை நான்தான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

புது பேட்டரி போட்டும் இரண்டே நாளில் படுத்துவிடுகிறது என்று போன முறை எழுதினேன் அல்லவா? முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துக் கழுவினேன். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. எஞ்சின் ஓடும்போது மீட்டர் பதினான்கு வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. பேட்டரிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நீ மாட்டிவிட்டுப் போன கார் ஆல்டர்னேட்டர் எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். "புத்தகம் படிச்சா பேட்டரி ஏறுமா பாப்பா?" என்று கிண்டல் வேறு.

உன் அலமாரியில், காலண்டர் தாளின் பின்பக்கம் நீ வரைந்த வயரிங் படம் கிடைத்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு மெல்லிய கோடு போய் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கில் முடிகிறது. பக்கத்தில் உன் கையெழுத்து: 'முதல் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகும். இது இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது.' டேஷ்போர்டைக் கழற்றினேன். சிவப்புக் கண்ணாடி இருந்தது. பின்னால் பல்பு இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பல்பை எடுத்து என் கையில் வைத்தார். நீ போன பிறகு, நான் வேலைக்குப் போயிருக்கும் மதியங்களில், கொட்டகையில் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். கிளப்புவதில்லை. "எங்க போறதுக்குக் கிளப்ப? அந்த லைட்டு மட்டும் என்னை முறைச்சுக்கிட்டே இருந்துச்சு. பிடுங்கிட்டேன்" என்றார்.

ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தோடு அறைக்குள் போய்விடுவேன். இந்த வீட்டில் தனியாக இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்பைப் போட்டேன். சாவியைத் திருப்பியதும் எரிந்தது; எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. மீட்டர் பதினான்குக்கு ஏறியது. அப்பா தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். நானும் மட்கார்டில் உட்கார்ந்து போனேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. அந்த சீட்டை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

உன் கடிதங்களில் எப்போதும் 'நான் நலம், கவலை வேண்டாம்' என்றே இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு குறைகூட இல்லை. அடுத்த முறை ஒன்றாவது எழுது, அண்ணா. அறை சின்னது என்றோ, செருப்பு கடிக்கிறது என்றோ, எதுவானாலும். அப்பாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை