டீ டப்பாவில் விழுந்த நோட்டு

அண்ணா,

சலவைக்கு வந்த அந்தச் சட்டையின் பையில் ரூபாய் நோட்டை வைத்தது நீதான். எங்களைச் சோதிக்கச் சொன்னது முதலாளி. சூப்பர்வைசர் நீ, தலையாட்டினாய்.

அழுக்குத் துணியில் கிடைக்கும் சில்லறை யாருடையதென்று தெரியாவிட்டால், டப்பாவில் போட்டு எல்லோருக்கும் டீ வாங்குவோம். துணி பிரித்த காலத்தில் நீயும் குடித்த டீதான். புதிதாய்ச் சேர்ந்த அக்காவும் நோட்டை அதில்தான் போட்டாள். எங்கள் ஓவர்டைம் கூலியை விழுங்குகிற முதலாளி, அவளைத் திருடி என்று நேற்று மாலை துரத்தினார்.

இன்று நீ லீவு, அதனால் எழுதுகிறேன். காலையில் மெஷின்களை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் அவர் அறைக்குள் போனோம். "நாங்களும்தான் அந்தக் காசுல டீ குடிச்சோம். எல்லாரையும் அனுப்பிடுங்க" என்றேன்.

"திமிரா?" என்றார்.

இஸ்திரி போடும் பெரியம்மா அசரவில்லை. "நேத்து உங்க மேசைக்கு வந்ததும் அதே டீதான் சார். நல்லாருக்குன்னு இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே."

"அவள வரச் சொல்லுங்க" என்று ஃபைலுக்குள் குனிந்துகொண்டார். மதியமே அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தோம்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நேற்று அந்தத் துணி மூட்டையைப் பிரிக்க இருந்தவள் நான் என்றால், அப்போதும் வைத்திருப்பாயா? மழுப்பாமல் சொல்.

உன் தங்கை