பதினோரு பச்சைப் பொட்டும் ஒரு லீவும்

என் பிரியமுள்ள பேச்சிக்கு,

நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பொங்கலும் வந்து போய்விட்டது. உனக்கு எழுதக் கூடாது என்று வீம்பாகத்தான் இருந்தேன், உன் மேல் அவ்வளவு கோபம். இப்போது காலை பதினொரு மணி. நம் சேரப்பணஞ்சேரி அறையில் சுவரில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். கம்பெனி லைனில் நிற்க வேண்டிய நேரத்தில் இவள் ஏன் அறையில் இருக்கிறாள் என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கம்பெனியில் சேர்ந்து, காருக்குப் போகும் வயர்க்கட்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் நின்று டேப் சுற்றியவர்கள் நாம். உன் அண்ணனுக்கு என்னைக் கட்டிவைக்கப் போவதாகக் கேலி பண்ணி, என்னை மதினி என்றே கூப்பிடுவாய். அந்தக் குரல் இல்லாமல் அறை நன்றாகவே இல்லை.

வருஷப் பிறப்பு வந்தால் அந்த அட்டையும் வந்துவிடும் அல்லவா? ‘இந்த ஆண்டு என் இலக்கு’ என்று அச்சடித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். நாம் எழுத வேண்டும், சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு லைன் ஓரத்துப் போர்டில் குத்திவிடுவார்கள். சொன்னபடி செய்தவர்களுக்கு மாதா மாதம் ஒரு பச்சைப் பொட்டு. போன வருஷம் நீ எழுதினாய்: ‘ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன்.’

"பன்னெண்டு பொட்டு வாங்குனா கேன்டீன்ல நம்ம போட்டோவ மாட்டுவாவ, மதினி. எங்கம்மைக்கு வாட்ஸ்அப்புல அனுப்பணும்" என்றாய். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நவம்பரோடு பதினோரு பொட்டு ஆனது. டிசம்பர் மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு போனாய். இரண்டாம் நாளும் போனாய். மூன்றாம் நாள் உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. "சடைய மட்டும் பின்னிவிடுங்க மதினி, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். பின்னிவிட்டேன். முடியைத் தொப்பிக்குள் சொருகி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, கையைப் பிடித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றினேன். நான்தான் ஏற்றினேன், பேச்சி. மத்தியானம் நீ லைனிலேயே மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொன்னபோது உனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு இரண்டே நாள்.

உன் மேல் கோபம் என்றேனே, அதில் பாதிக்கு மேல் என் மேல்தான்.

ஜனவரி முதல் ஷிப்டில் பழைய அட்டைகளைப் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டார்கள். உன்னுடையதைக் கேட்டு வாங்கி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு அனுப்பலாமா? அனுப்பினால் பெருமைப்பட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

அன்றைக்கே மீட்டிங்கும் வைத்தார்கள். ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் இலக்கு வைப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். ரொம்பப் பெரிதாக ஆசைப்படக் கூடாதாம். நம் கைக்கு எட்ட வேண்டும், செய்தோமா இல்லையா என்று அளந்து பார்க்க முடிய வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. கவனமாகக் கேட்டுக்கொண்டு நானும் எழுதினேன்: ‘உடம்பு சரியில்லாத அன்று லீவு போடுவேன்.’

நம் சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்து முழித்தார். "இன்னாமா இது? லீவு போட்றதெல்லாம் ஒரு டார்கெட்டா? ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆவாதுன்னு எதுனா எழுது. மேல இருக்கறவங்க பாத்தா என் தலையத்தான் உருட்டுவாங்க."

"கைக்கு எட்டுது சார், அளந்தும் பாக்கலாம். அவரு சொன்னதுல எது இல்ல?"

"உன் கான்ட்ராக்ட் மார்ச்ல முடியுது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

சுற்றி நின்றவர்கள் தலை தூக்காமல் டேப் சுற்றினார்கள். ஆனால் காது முழுக்க இங்கேதான். அவர் பேனாவை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில் முன் சீட்டில் இருந்தவர் அவர்தான். கையெழுத்துப் போட்டார்.

நேற்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்று காலையில் பஸ் வந்து ஹாரன் அடித்தபோது என் கால் தானாகச் செருப்பைத் தேடியது, நம்புவாயா? பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, பஸ்ஸு போயிகினு கீது, நீ குந்திகினு கீறே?" என்றார். லீவு என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் மறுபேச்சுப் பேசாமல் படப்பை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து படுத்ததும் சூப்பர்வைசர் போன் பண்ணினார். "மாரி, ஆள் பத்தல. ஒரு மாத்திரய போட்டுக்கினு வந்துடேன்."

"போர்டுல என் அட்டையப் பாருங்க சார். நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கிய."

மெஷின் சத்தத்துக்கு நடுவே, "டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இந்நேரம் லைன் ஓடிக்கொண்டிருக்கும். என் இடத்தில் யாராவது நிற்பார்கள். நீ போன மறுநாளும் ஓடியது, பேச்சி, ஒரு நிமிஷம் நிற்கவில்லை. பிறகு யாருக்காக அந்தக் காய்ச்சலோடு நின்றாய்? அம்மா போட்டோவைப் பார்த்துச் சிரிப்பார்களே, அதற்காகவா? அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் காய்ச்சலோடு வந்தவளை வீட்டுக்குப் போ என்று சொல்லாமல், வருகைக்குப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்களே, அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. மாத முடிவில் எனக்கும் பொட்டு கேட்கப் போகிறேன். இலக்கைச் சாதித்தவளுக்குத் தர மாட்டோம் என்று எப்படிச் சொல்வார்கள், பார்க்கிறேன்.

மார்ச்சில் என்னை அனுப்பினால் அனுப்பட்டும். ஒரகடத்தில் கம்பெனிக்கா பஞ்சம்? அடுத்த இடத்திலும் அட்டை கொடுத்தால் இதே வரியைத்தான் எழுதுவேன்.

ரத்த ரிசல்ட் நாளைக்குத்தான் வருமாம். அதில் என்ன வந்தாலும் சரி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: காய்ச்சல் விடவில்லை என்றால் நாளைக்கும் போக மாட்டேன்.

உன் அண்ணனைக் கட்டாமலே உனக்கு மதினியான
மாரிச்செல்வி