சேமிப்புப் புத்தகத்தின் முதற்பக்கம்

1933 நவம்பர் 7, செவ்வாய்

விடியலில் மூடுபனி. பதினொரு மணி தொடங்கி மழை. கூரையில் புதிய ஒழுக்கு, அலுமாரிக்கு நேர் மேலே. அலுமாரியை ஒரு முழம் நகர்த்தினேன், தனியாக. இடுப்பில் பிடிப்பு.

கன்னியர் மடத்துப் பள்ளிச் சட்டைகள்: முடிந்தவை பதினான்கு, மீதி ஆறு. ஊசியில் நூல் கோக்க இன்று நான்கு முறை முயல வேண்டியதாயிற்று. சென்ற ஆண்டு ஒரே முறை. இனியும் தள்ளிப்போடுதல் தகாது.

என் நிலைமை, என் பார்வைக்கு மட்டும்:
வயது 55.
கண்: இன்னும் ஐந்தாண்டு உழைக்கும் எனக் கொள்க.
பிள்ளை: இல்லை. பென்சன்: இல்லை.
உடன்பிறந்தான்: தூத்துக்குடியில். நான்கு ஆண்டாகக் கடிதம் இல்லை.
தபாற் சேமிப்பு: ரூ. 612, சதம் 40. பத்தொன்பது ஆண்டில் சேர்ந்தது. எடுத்தது ஒரு சதமும் இல்லை.

சவரிமுத்து ஐயா தமது அம்பிட்டிய வீட்டை விற்கப்போவதாக ஞாயிறு பூசை முடிந்ததும் கேள்வி. ஓய்வு பெற்ற ஆசிரியர். மகனுக்கு நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் வேலை, அவனிடம் போய்ச் சேர்கிறார். இரண்டு அறை, ஓட்டுக்கூரை. ஓர் அறையில் நான், மற்றதற்கு வாடகை. அவ்வாடகையே என் பென்சன். சேமிப்பில் எஞ்சுவது மருந்துக்கும் அடக்கத்துக்கும்.

இத்திட்டத்தை மூன்று முறை வாசித்தேன். பிழை காணவில்லை. யாருக்கேனும் வாசித்துக் காட்டலாமென எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நவ. 9, வியாழன்

வெயில், அபூர்வமாக. அம்பிட்டியவுக்கு நடந்தே சென்றேன். ஏற்றத்தில் இரண்டு இடங்களில் நின்றேன். காட்சியைப் பார்ப்பவள் போல.

வீடு நன்று. சமையலறைச் சுவர் புகையால் கறுப்பு, சுண்ணாம்பு பூசினால் போதும். வாசலில் பலா.

"வாங்கம்மா, உக்காருங்க. கதிரை ஆடும், சுவத்துப் பக்கமாச் சாஞ்சுக்குங்க" என்றார் ஐயா. ஐந்நூற்றைம்பது சொன்னவர், தாமாகவே ஐந்நூறுக்கு இறங்கினார். "கம்பளைக் கடைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆனா படிச்சவங்க கையில வீடு போனா எனக்கு ஒரு திருப்தி. நீங்க தூத்துக்குடி மடத்துல படிச்சவங்கதானே?"

"பலா காய்க்குமா?" என்று வினவினேன்.

"காய்க்குமாவா! வருசம் முப்பது தள்ளும்மா. அணிலு தின்னது போக."

முடிவு: முன்பணம் நூறு, 18ஆம் திகதி சனிக்கிழமைக்குள். அதுவரை வேறொருவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்றார்.

இறங்கி வருகையில் எந்தச் சன்னலடியில் கட்டில் என்று தீர்மானித்தேன். கிழக்கு.

நவ. 12, ஞாயிறு

பெரும் மழை. ஆயினும் பெண்கள் சபைக்குப் பதினொருவர் வந்தனர். பங்குச் சுவாமி கேட்டுக்கொண்டதன் பேரில் "குடும்பத்திற் சிக்கனமும் முதுமைக்குச் சேமிப்பும்" குறித்து அரைமணி நேரம் உரை. "அன்பிற்குரிய தாய்மாரே" எனத் தொடங்கினேன். சொன்னவற்றுள் நினைவில் நிற்பவை:

சம்பளம் கைக்கு வந்த அன்றே, கடைக்குப் போகுமுன், ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும். செலவு போக மிஞ்சுவதைச் சேர்ப்பேன் என்பவளுக்கு எக்காலத்திலும் மிஞ்சாது.

"எங்க வீட்டுல சம்பளத்துக்கு முன்னாடியே கடைக்காரரு வந்து ஒக்காந்திருப்பாரு, டீச்சரம்மா!" என்று ஒருத்தி. எழுதப் படிக்கத் தெரிந்ததால் இங்கு எனக்கு அப்பெயர்.

"ஒதுக்கணும்னா மொதல்ல எம் புருசனத்தான் ஒதுக்கணும்" என்று இன்னொருத்தி. சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் சென்றது.

சீட்டு கட்டலாம், ஆனால் சீட்டுப் பிடித்தவள் ஓடிப்போனாலும் அடுப்பு எரியக்கூடிய அளவுக்கு மட்டும். நகை அவசரத்துக்கு ஒன்றிரண்டு. அதற்கு மேற்பட்டது அடகுகடைக்காரனுக்காக நாம் சேர்த்து வைப்பது. முதுமைக்கென ஒதுக்கியதை மகள் கல்யாணத்துக்கும் தொடலாகாது. புத்தகம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், கணவன் பெயரிலோ தமையன் பெயரிலோ அன்று.

என் அடுத்த அறையில் குடியிருக்கும் பிலோமினா எழுந்தாள். கைம்பெண். ஒரே மகன் கொழும்புத் துறைமுகத்தில். அவனுக்கு அவள் சொல்லச் சொல்ல மாதம் ஒரு கடிதம் நான்தான் எழுதுகிறேன். "புள்ள இருக்கறப்ப வயசான காலத்துக்கு நாம எதுக்கு டீச்சரம்மா சேக்கணும்?"

"பிள்ளைகளைச் சேமிப்பாகக் கொள்ளலாகாது. அவர்களுக்கும் பிள்ளைகள் வருவார்கள். தோட்டங்களில் ஆள் குறைக்கும் இக்காலத்தில் அவர்கள் வயிறே அவர்களுக்குப் பாரம்."

பின்வரிசையில் மெதுவாக: "புள்ள பெக்காத வாயி, சொல்லத்தானே செய்யும்."

கேட்டது. அடுத்த வாக்கியத்துக்குச் சென்றேன்.

முடிவில் நால்வர் புத்தகம் திறக்க முன்வந்தனர், பி.யும் அவர்களில் ஒருத்தி. வியாழன் பத்து மணிக்குத் தபாற்கந்தோரில் சந்திப்பு. "அங்க கையெழுத்துக் கேப்பாங்களே?" என்று அஞ்சினர். "எழுதத் தெரியாதோர் பெருவிரல் வைக்கலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை" என்றேன். உரத்த குரலில்.

இரவுக்கு ரொட்டி, சம்பல்.

நவ. 14, செவ்வாய்

தூறல். நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

முன்பணத்துக்காகக் கந்தோர் சென்றேன். பத்திரத்தை நிரப்பி, "மி. லூர்தம்மாள்" என்று கீழே ஒரு கோடிழுத்துக் கையொப்பமிட்டேன். கண்ணாடி அணிந்த யாழ்ப்பாணத்து இளைஞர் லிகிதர். பத்திரத்தைப் பார்த்தார். என் புத்தகத்தின் முதற்பக்கத்தைத் திருப்பினார். நான் அப்பக்கத்தைத் திருப்புவதேயில்லை. பணம் போடக் கையொப்பம் வேண்டியதுமில்லை.

"அம்மா, உங்கட கையெழுத்து வலு வடிவாயிருக்கு. ஆனா புத்தகத்தில கையெழுத்து இல்லை. பெருவிரல் அடையாளம்தான் கிடக்கு."

எனக்குப் பின்னால் சபைப் பெண்கள் இருவர் முத்திரை வாங்க நின்றனர். "அது தவறு" என்றேன்.

"ஆற்ற தவறு?"

"கந்தோரின் தவறாயிருக்கலாம்."

"அப்ப இந்த விரல் உங்கட இல்லையோ?"

"இல்லை."

"விரல் உங்கட இல்லையெண்டால் புத்தகம் உங்கட எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" குரலில் கடுமை இல்லை. வருத்தமே. புத்தகத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டி ஒரு துண்டுச் சீட்டுத் தந்தார். "இதைக் குறிப்பில எழுதத்தான் வேணும். நீங்கள் லூர்தம்மாள்தான் எண்டு, உங்களை நல்லாத் தெரிஞ்ச, எழுதத் தெரிஞ்ச ஆள் ஒராள் கடிதம் தரவேணும்."

துண்டுச் சீட்டுடன் வீடு.

என்னுடையதுதான். 1914இல் பல்லேகலத் தோட்டத்துப் பங்களாவில் ஆயா. வயது முப்பத்தாறு. துரைசாணியே அழைத்துப் போய்ப் புத்தகம் திறந்து தந்தார். யாரோ என் கையைப் பிடித்து மையில் அழுத்தினார்கள், முத்திரைக் கட்டையை அழுத்துவது போல. இரண்டு ஆண்டு கழித்து எழுத்துக் கற்றேன், ஞானோபதேசப் புத்தகத்திலும் கடைக்காரன் பொட்டலம் கட்டிய தாள்களிலும். நானாக வாசித்த முதற்சொல் "சவர்க்காரம்", துணி வெளுக்கும் கட்டி சுற்றிய தாளில். மடத்தில் படித்தேன் என்று எவரிடமும் நான் சொன்னதில்லை. எவரும் சொன்னபோது மறுத்ததுமில்லை. எழுதக் கற்ற அன்றே அந்த ரேகை உலகத்திலிருந்து அழிந்துவிட்டதென எண்ணிவிட்டேன் போலும்.

பத்தொன்பது ஆண்டு உழைப்பை ஒரு "இல்லை"யில் பூட்டிவைத்தேன்.

நவ. 15, புதன்

மழை ஓயவில்லை. சட்டைகள் இரண்டே முடிந்தன.

"உங்களை நல்லாத் தெரிஞ்ச, எழுதத் தெரிஞ்ச ஆள்." பட்டியல்:
சுவாமி: ஆனி மாதம் வந்தவர். பூசையில் நன்மை வாங்க நாக்கை நீட்டும்போது என் முகம் தெரியும்.
மடத்துத் தாயார்: என் தையல் தெரியும்.
கடை முதலாளி: என் பற்று தெரியும்.
பிலோமினா: என் இருமல் வரை தெரியும். எழுதத் தெரியாது.
சவரிமுத்து ஐயா: ஞாயிறுதோறும் எட்டாண்டுப் பழக்கம். ஆனால் நான் படித்தவள் என்பதற்காகவே ஐம்பது ரூபாய் குறைத்தவர்.

வேறு பெயருக்காக அரைமணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. இத்தெருவில் பதினாறு ஆண்டு.

ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: "தங்கள் மேலான சமூகத்துக்கு அடியாள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது." மிக அழகிய கடிதம். உண்மை மட்டும் அதில் இல்லை. கிழித்தேன்.

நவ. 16, வியாழன்

வெயில். நால்வரும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தனர், பூசைக்கு உடுத்தும் சேலையில். ஒவ்வொருவர் முந்தானையிலும் முடிச்சில் பணம். அதே லிகிதர். என்னைப் பார்த்தார், பத்திரங்களை எடுத்து வைத்தார்.

இருவர் விரல் வைத்தாயிற்று. மூன்றாவது பி. கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். "வெக்கமா இருக்கு டீச்சரம்மா. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பினேன். சுவர். அங்கே நிற்க இயலவில்லை.

மறுபடி மேசைக்கு வந்தேன். "தம்பி, செவ்வாயன்று நான் கூறியது பொய். அந்த ரேகை என்னுடையது. அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது."

மைக்கட்டையை என் பக்கம் தள்ளினார். இடது பெருவிரல். இம்முறை ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. உருப்பெருக்கும் கண்ணாடி வைத்து இரண்டையும் ஒப்பிட்டார். "ஓம், உங்கட விரல்தான். ஆனா செவ்வாய்க்கிழமை 'இல்லை' எண்டு சொன்னதை நான் எழுதிப்போட்டன் அம்மா. அந்தக் கடிதம் வேணும்தான்."

"அப்ப டீச்சரம்மா மடத்துல படிக்கலியா?" என்று ஒருத்தி மற்றவளிடம்.

பி. விரல் வைத்தாள், புத்தகத்தை வாங்கினாள், வெளியே போனாள். தெருவில் எனக்காக நின்றாள்.

"பதினாறு வருசம். ஒவ்வொரு கடுதாசியும் எழுதி முடிச்சி, 'ரேகை வை'ன்னு சொல்லிட்டு மொகத்தத் திருப்பிக்குவீங்க. நான் அப்பிடியே கூசிப்போயிடுவேன். நானும் ஒன்னாட்டந்தாண்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

அக்கா என்று அவள் என்னை அழைத்தது இதுவே முதல் தடவை. கோபத்தில்.

மறுமொழியாக ஒரு வாக்கியம் மனத்தில் அமைத்தேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் அவள் சந்தைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நவ. 17, வெள்ளி

சட்டை ஆறும் முடித்து மடத்தில் ஒப்படைத்தேன். கூலி நாளை என்றனர்.

பி. நடையில் எதிர்ப்பட்டாள். வழிவிட்டு நின்றாள், அந்நியருக்கு விடுவது போல. கறிவேப்பிலை தீர்ந்தது. கேட்கவில்லை.

நவ. 18, சனி

முன்பணத்துக்குக் கடைசி நாள். பணம் இல்லை. மடத்துக் கூலியும் கையிருப்புமாக ரூ. 23 மட்டும் எடுத்துக்கொண்டு அம்பிட்டிய ஏறினேன். மழையில் வழுக்கல்.

வாசலில் சாக்கு மூட்டைகள், கயிறு. ஐயாவிடம் முழுவதையும் சொன்னேன், நின்றபடியே: ஆயா வேலை, பெருவிரல், என் மறுப்பு. கடிதம் வேண்டும் என்றேன். வீட்டுக்கு இருபத்துமூன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவணை தருமாறும் கேட்டேன்.

"அப்ப எங்கதாம்மா படிச்சீங்க?"

"சவர்க்காரம் சுற்றிய தாளில்."

சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒங்க புத்தகத்தக் கந்தோர்ல புடிச்சு வச்சுட்டாங்கன்னு கோயில் வாசல்ல பேசிக்கிட்டாங்கம்மா. நானும் வண்டி பேசிட்டேன். நேத்து அந்தக் கம்பளைக்காரரு நூத்தம்பது கொண்டாந்து மேசையில வச்சாரு..."

"இன்று மாலை வரை எனக்குத் தவணை இருந்தது, ஐயா."

"இருந்துச்சும்மா."

கடிதம் எழுதினார். "இவரை எட்டு ஆண்டுகளாக நன்கறிவேன். நேர்மையுள்ளவர்." வாசித்தேன். "நேர்மையுள்ளவர்" தேவையில்லை என்றேன். அச்சொல்லை அடிக்க மறுத்துவிட்டார்.

"கம்பளைக்காரரு பின்னறைய வாடகைக்குத்தான் விடுவாரு. சொல்லி வைக்கட்டுமா?"

வேண்டாம். அந்த வாடகை எனக்கு வர வேண்டியது.

கிழக்குச் சன்னல் திறந்திருந்தது. சாரல் உள்ளே அடித்தது. மூடிவிட்டு வந்தேன்.

நவ. 20, திங்கள்

மூடுபனி, பத்து மணி வரை. கடிதம் ஒப்படைத்தேன். லிகிதர் வாசித்து, மேசையைத் திறந்து, புத்தகத்தை இரு கையாலும் தந்தார்.

"எவ்வளவு எடுக்கப் போறியள் அம்மா? பெரிய தொகையெண்டால் கொழும்பாலதான் வரவேணும்."

"ஒரு ரூபாய்."

"ஒரு ரூபாயோ?"

"ஆம். வருகிறதா என்று பார்க்க வேண்டும்."

சிரிக்கவில்லை அவர். நல்ல பிள்ளை. "அப்ப, இனிமேல் உங்கட கையெழுத்தைப் பதியட்டோ? இந்த விரலை அடிச்சுவிடலாம்."

பத்தொன்பது ஆண்டாக அதைத்தான் விரும்பியிருப்பேன். யோசித்தேன். கண் மங்கும். கை நடுங்கும். இன்றைய எழுத்து அன்றைக்கு என்னுடையதாக இராது. அப்போது யாரைக் கடிதத்துக்குத் தேடுவேன்? "விரலே இருக்கட்டும், தம்பி."

ஒரு ரூபாய் வந்தது. இருப்பு 611, சதம் 40. வேறு வீடு தேட வேண்டும். தை மாதத்துக்குள். இவ்விலையில் ஓட்டுக்கூரை இனி அரிது. ஓரறையாயினும் சரி. வாடகை வராவிடில் தையல் இன்னும் ஏழாண்டு. கண் அத்தனை நாள் தருமா?

வீட்டுக்கு வந்தபோது பி.யின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் ஓசை. கதவருகே நின்று ஒரு நல்ல வாக்கியம் தேடினேன். கிட்டவில்லை.

"பிலோமினா, அக்கா வந்திருக்கேன்டி" என்றேன்.

உள்ளே ஓசை நின்றது.