மூன்று படமும் ஒரு ட்ரெய்லரும்

வசனம் எழுதும் என் வீட்டுக்காரருக்கு,

வீட்டிலிருந்து நான்தான் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இப்போது இல்லை. ஆனாலும் விசாரிக்காமல் விட்டால் அது வேறு உறுத்தும். நன்றாக இருக்கிறீர்களா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சரி, மரியாதை முடிந்தது.

விடுமுறைக்கு வந்த மூன்று படங்களையும் பார்த்துவிட்டு, கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே செல்போனை எடுத்தது, எங்கே எழுந்து கேன்டீனுக்குப் போனது என்று எழுதச் சொன்னீர்கள். உங்கள் படத்தின் ட்ரெய்லரைப் போனில் பார்க்கக் கூடாது, தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பு வேறு. கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் இருக்கிற ஏற்பாடுதான் இது. நான் பார்த்து எழுதுவேன், நீங்கள் படப்பிடிப்பில் உட்கார்ந்து படிப்பீர்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதினால் நிற்கும் என்பீர்கள். பாப்பா போன பிறகு நீங்களும் கேட்கவில்லை, நானும் தியேட்டர் பக்கம் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது மனுஷர் மறுபடி கேட்டுவிட்டாரே என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

துணைக்கு எங்கள் பல்செட் லேபில் அச்சு வார்க்கிற பெண், அதான் நம் விசில், அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளைத் தெரியும் உங்களுக்கு. படம் நன்றாக இருந்தாலும் விசில் அடிப்பாள், நன்றாக இல்லாவிட்டாலும் அடிப்பாள்.

முதல் படம் அந்தப் பெரிய நடிகருடையது. அப்பாவும் அவரே, பிள்ளையும் அவரே. பல்செட் செய்கிறவளைப் படத்துக்கு அனுப்பினால் பல்லைத்தான் பார்ப்பாள். அப்பாவுக்கு எழுபது வயதாம், தாடி நரைத்திருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, பல் மட்டும் நேற்று பதித்த டைல்ஸ் மாதிரி பளபளவென்று இருக்கிறது. எழுபது வயதுக்காரருக்கு நாங்கள் அப்படி ஒரு செட் செய்து அனுப்பினால் டாக்டர் மூஞ்சியிலேயே விட்டெறிவார். சண்டை வந்தபோதெல்லாம் கூட்டம் கத்தியது. அப்பா பேசின இடத்திலெல்லாம் செல்போன் வெளிச்சம்தான். முதல் பாதியை ஒருவிதமாக ஒப்பேற்றிவிட்டார்கள், இரண்டாம் பாதியில் கதை எங்கே போயிற்று என்று அவர்களுக்கே தெரியவில்லை. இதற்கு இவ்வளவு பந்தாவா?

இரண்டாவது குடும்பப் படம். இடைவேளை வரைக்கும் எல்லாரும் சண்டை போடுகிறார்கள், இடைவேளைக்குப் பிறகு எல்லாரும் அழுகிறார்கள். அண்ணன் அழுகிறான், அண்ணி அழுகிறாள், வக்கீல்கூட அழுகிறார். விசில் மூக்கைச் சிந்திச் சிந்தி என் கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. நிஜமாக அழுகிறவர்கள் அவ்வளவு நீளமாகப் பேச மாட்டார்கள். இதை நீங்கள் உங்கள் டைரக்டரிடம் சொல்லலாம்.

மூன்றாவது காதல் படம். கதாநாயகி உதட்டுச் சாயம் கலையாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், சாகப் போகிறாள், அதற்கு முன்னால் ஒரு பாட்டும் பாடுகிறாள். பக்கத்துக் கட்டிலில் ஆளே இல்லை. டாக்டர் வந்து தோளில் கைவைத்து ஆறுதல் சொல்கிறார். எந்த ஆஸ்பத்திரியில் ஐயா சொல்கிறார்கள்? நமக்குச் சொன்னவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், நிமிரக்கூட இல்லை. எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாம் என்றேன். உங்கள் வீட்டுக்காரர் ட்ரெய்லர் இடைவேளையில்தான் போடுவார்கள், பேசாமல் உட்காருங்கள் அக்கா என்று விசில் கையைப் பிடித்து இழுத்தாள்.

இடைவேளையில் மூன்று ட்ரெய்லர் போட்டார்கள். ஒன்றில் ஒரே இருட்டு, ஒரே புகை. அவன் வருகிறான், அவன் வருகிறான் என்று நாலு பேர் சொல்கிறார்கள், கடைசிவரை எவனும் வரவில்லை. இன்னொன்றில் முழுக் கதையையும் காட்டிவிட்டார்கள், இனி டிக்கெட் வாங்குகிறவன் மடையன். மூன்றாவது உங்களுடையது.

நம் வீட்டுக் கதவு கீல் இறங்கிப்போய்க் கிறீச்சென்று கத்தும். பாப்பா வந்த பிறகு, அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்து லேசாகத் தூக்கிச் சாத்தப் பழகினோம். தச்சரைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்ல, நாளைக்கு நாளைக்கு என்று நீங்கள் சொல்ல, கடைசியில் அந்தக் கால்விரல் வித்தையே பழக்கமாகிவிட்டது. திரையில் அந்த நடிகை கதவுக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்தாள். அடுத்து அவள் வாயைத் திறந்தாள்.

"கதவ மெதுவா சாத்துங்க, எந்திரிச்சுடப் போறா."

கதவு கிறீச்சிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் காமெடி நடிகர் பேயைக் கண்டு அலறிக்கொண்டு ஓடினார். தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. விசில் இரண்டு விரலையும் வாயில் வைத்து அடித்தாள். இப்படி ஒரு டயலாக்கா, உங்க வீட்டுக்காரர் கலக்கிட்டார் அக்கா என்று என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

ஏழு மாதக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், வெறும் பையோடு திரும்பி வந்தோமே, அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குள் வந்து கதவைத் தள்ளினபோது என் வாயில் தானாக வந்த பேச்சு அது. நான் சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள். வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ட்ரெய்லர் வெட்டுகிறவர் வேறு ஆள், ஒருத்தர் பேச்சை எடுத்து இன்னொருத்தர் மூஞ்சியில் ஒட்டுவதுதான் அவர் வேலை, படத்தில் அது உருக்கமான காட்சி என்று சொல்வீர்கள். இவ்வளவு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தினவளுக்கு அது தெரியாதா? வெட்டினது அவர். எடுத்துக் கொடுத்தது யார்?

இப்போது நிலவரம் என்ன தெரியுமா? ஊர் முழுக்க அதுதான் பேச்சு. லேபில் பல்லைச் சுடுகிற சூளைக் கதவை மூடும்போதெல்லாம் விசில் அதைச் சொல்கிறாள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூடுவோம் என்று உங்களுக்கே தெரியும். முந்தாநாள் பொறுக்க முடியாமல், மெருகு போட்டுக்கொண்டிருந்த செட்டை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டேன், முன்பல் தெறித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தெரியாதா என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போயிற்று. என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள். என்னவென்று சொல்வேன்? இது என் பிள்ளை செத்த அன்று நான் சொன்னது என்றா?

நேற்று உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து அத்தை வந்தார்கள். மாடி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுவைத்துப் போனில் ட்ரெய்லரைப் போட்டுக் காட்டினார்கள். என் பையன் எழுதினது என்று அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையும் சிரித்தார்கள். பாப்பாவைக் குளிப்பாட்டின கை அது, அவர்களுக்குத் தெரிந்தால் தாங்குவார்களா? நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

கூட்டம் சிரித்ததுகூடப் போகட்டும். அதற்கு முன்னால் ஒரு நொடி, கணவனாக நடிக்கிறவர் ஜன்னல் திரைச்சீலையில் முகத்தைப் புதைத்துக் குலுங்குகிறார். அதை நான் போனில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நீங்களும் நம் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அப்படித்தான் நின்றீர்கள். எனக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது. இந்த மனுஷனுக்குக் கல்நெஞ்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாறு நாள் ஆவதற்குள் படப்பிடிப்பு என்று பையைத் தூக்கினீர்கள். அது முடிந்து அடுத்தது, அடுத்தது முடிந்து இன்னொன்று. போனில் பாப்பா பேச்சை எடுத்தால் டவர் இல்லை என்பீர்கள். டைரக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள், அந்த நடிகைக்குக் கட்டைவிரலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. என் புருஷன் அழுதான் என்பதை நான் முன்பின் தெரியாத ஜனங்களோடு தியேட்டரில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

அபிப்பிராயம் கேட்டீர்கள், இதுதான் அபிப்பிராயம். டப்பிங் இன்னும் முடியவில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். படம் வருவதற்குள் அந்த வரியை எடுத்துவிடுங்கள். டைரக்டர் கோபித்தால் கோபிக்கட்டும், உங்களைப் படத்திலிருந்து தூக்கினாலும் தூக்கட்டும். அது வசனம் இல்லை. அது நம் பாப்பாவுடையது.

எடுத்துவிட்டேன் என்று பதில் போடாதீர்கள். நேரில் வந்து சொல்லுங்கள். கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நானும் தச்சரைக் கூப்பிடவில்லை. எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை. கட்டைவிரலெல்லாம் கொடுத்துத் தூக்க வேண்டாம், ஓங்கியே சாத்துங்கள். எழுந்து அழ இங்கே யாரும் இல்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்