தலைவருக்கு விட்டுக்கொடுத்த தொகுதி

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தலைநகர் வின்னிபெக்கில் நான் நலமாகத்தான் இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

எங்கள் கட்சித் தலைவர் கிளிஃபர்ட் நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றவர் என்பது உங்களுக்கே தெரியும். தலைவர் சட்டமன்றத்தில் இருந்தாக வேண்டும், ஜெயித்தவர் ஒருவர் விலகி வழிவிடுவதுதான் வழக்கம் என்றார்கள் கட்சியில். நம் ஊரில் ஜெயித்த நான் விலகினேன். இடைத்தேர்தலில் அங்கேயும் தோற்றார். இப்போதும் அவர்தான் தலைவர். நான் அவருடைய அலுவலகத்தில் ஃபோன் எடுக்கிறேன்.

நேற்று காபிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார்.

"டார்கா, நம்ம பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. வால்டருக்கு ஒடம்பு சரியில்லையாமே. விலகுவாரான்னு கேளேன்."

"வெறும் ஜலதோஷம் சார்."

"சும்மா கேட்டு வைம்மா."

கேட்டேன். "உன்ன மாதிரி இன்னொரு ஏமாளி கெடைக்கலையாம்மா?" என்றார் வால்டர். அவர் யோசிக்கிறாராம் என்று தலைவரிடம் சொல்லிவைத்தேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள், அறை சில்லிட்டுக் கிடக்கிறது. நம் வாசலில் நட்ட தலைவரின் தேர்தல் பலகையைப் பிடுங்கி அடுப்பில் போடுங்கள். கொட்டகையில் என் பெயர் போட்ட பலகை இருக்கும். விறகு தீர்ந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

ஃபோன் அடிக்கிறது, அவராகத்தான் இருக்கும்.

உங்கள் மகள்,
டார்கா