குளிசையும் கார்த் திறப்பும்

கிளிவெட்டி,
4.6.1974

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனை நடக்கிறது. இடுப்பு ஒபரேஷன் செய்த நோ எப்படி? நேற்று மூதூர் லோஞ்சுப் படகில் வந்த பாக்கியரத்தினம் ரீச்சர், நீங்கள் ஜெற்றியடியில் ஹயருக்கு ஆள் ஏற்றக் காரோடு நிற்பதாகச் சொன்னா. பதறிப்போனேன். கொடீன் குளிசை தந்த அன்றைக்கு டொக்டர் என் முன்னால்தானே சொன்னார்: "இது அபின் சேர்ந்த மருந்து. நித்திரை தூக்கும். இதைப் போட்டுக்கொண்டு கார் ஓடக்கூடாது." மறந்துவிட்டீர்களா?

கமலாதேவி

திருகோணமலை,
9.6.1974

அன்புள்ள கமலா,

டொக்டரா கிளச் மிதிக்கிறார்? குளிசை போடாவிட்டால் எனக்குக் காலைத் தூக்க ஏலாது. போட்டால் நோவே தெரியாது. சாராயம் குடித்து ஓடினால்தான் பொலிஸ் பிடிக்கும். இது டொக்டர் எழுதித் தந்தது. நேற்றுக்கூடச் சீனன்குடாவில் விமானத்தளக் கேற்றைக் கடந்த நினைவே இல்லை, பார்த்தால் ஜெற்றியடிக்கு வந்துவிட்டேன்! காருக்கே வழி பாடம். வெள்ளிக்கிழமை வா, நல்ல மீன் வாங்கி வைக்கிறேன்.

அருளம்பலம்

கிளிவெட்டி,
13.6.1974

அத்தான்,

கேற்றைக் கடந்த நினைவில்லை என்று சிரித்து எழுதியிருக்கிறீர்கள். பின்சீற்றில் யார் இருந்தது? டொக்டர் எழுதித் தந்த மருந்தானாலும் மயக்கத்தில் ஓடுவது குற்றம்தான், லைசென்ஸ் போகும். ஒரு பிள்ளையின் உயிர் போனால்? ஓடுவதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டொக்டரிடம் போங்கள்.

நீங்கள் கேட்கமாட்டீர்கள். அதனால் கார் முதலாளி ஸைனுலாப்தீனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கமலாதேவி

திருகோணமலை,
2.7.1974

கமலா,

முதலாளி ஜெற்றியடியில் எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டினார். "அருளம்பலம், திறப்பைத் தாங்க. சுகமானாப் பிறகு உங்கட கார்தான்." சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அவமானத்தில் உன்னைத் திட்டாத திட்டில்லை. இனி உனக்கு எழுதுவதேயில்லை என்றிருந்தேன்.

முந்தாநாள் குளிசையைப் போட்டுவிட்டு, என் காரை வேறொருவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஜெற்றியடி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நபீஸா என்னை உலுப்பி எழுப்பினா. என் காரில்தான் எப்போதும் போகிறவ.

"அண்ணே, சுகமில்லையா? சீனன்குடாவுக்குப் போகக்குள்ளயும் நித்திரை, திரும்பி வந்து பார்த்தாலும் நித்திரை!"

பின்னால் அவவின் பிள்ளைகள் நின்றார்கள். அந்தப் பயணம் முழுக்க ஸ்ரியறிங் என் கையில் இருந்திருக்கும், கமலா.

நேற்று டொக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், தான் சொல்லும்வரை ஓடக்கூடாது என்றார். ஓம் என்றேன்.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை லோஞ்சில் வா. வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

அருளம்பலம்