எல்லாத்துக்கும் ரைட்டு

எருமப்பட்டி
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி பதினொன்றரை ஆகிறது. அடுத்த தெரு காத்தான் அண்ணன் விடிகாலையில் திருச்செங்கோடு போய் உங்கள் போர்வெல் கம்பெனி ஸ்பேர் லாரியை எடுக்கிறாராம். "ஹேமரு, பிட்டெல்லாம் ஏத்திக்கிட்டு புதன்கிழமைக்குள்ள ஜக்தல்பூர் சேந்துருவேன் தங்கச்சி, உங்க ஊட்டுக்காரருக்கு எதாச்சும் குடுக்கறதுன்னா இப்பவே குடுத்துரு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை பருப்புப்பொடி கட்டி வைத்திருக்கிறார்கள். நான் இந்தக் கடிதத்தை அதற்குள் செருகுகிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். சொன்னேனே! மூன்று தடவை சொன்னேன். நிதிலாவுக்கு இரண்டே முக்கால் வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை, சேலம் அஸ்தம்பட்டியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் கிளினிக்கில் ஐந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டுமாம், வருவீர்களா என்று கேட்டேன். "ரைட்டு" என்றீர்கள். மறுநாள் லீவு கேட்டாச்சா என்றேன். "ரைட்டு." எந்த ரயில், எத்தனை மணிக்கு சேலத்தில் இறங்குவீர்கள் என்றேன். அதற்கும் ரைட்டு! நான் அதை நம்பி கோழி அடிக்கச் சொன்னேன். ஐந்தாம் தேதி காலையில் பாப்பாவுக்கு பச்சை கவுன் போட்டு வாசலில் உட்கார வைத்தேன். பதினொரு மணிக்குக் கவுனைக் கழற்றினேன்.

நான் இங்கிலீஷ் பி.ஏ. அந்தச் சொல்லுக்கு அகராதியில் ஒரு பக்கத்துக்குமேல் இருக்கும். சரி, வலது, உரிமை, நேராக, உடனே என்று போய்க்கொண்டே இருக்கும். நம் ஊரில் அதற்கும் மேல். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னால் கிளம்பு. கோழிப்பண்ணை வாசலில் முட்டை வண்டி பின்னால் வரும்போது சொன்னால், வா, இன்னும் இடம் இருக்கு. மளிகைக்கடைக்காரர் சொன்னால், உன் சாமான் முடிந்தது, நகரு. உங்கள் ரைட்டுக்கு மட்டும் எந்த அர்த்தத்தை எடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் மகளுக்கும் அது ஒன்றுதான் தெரியும். பால் வேண்டுமென்றால் ரைட்டு. டம்ளர் காலியானால் ரைட்டு. தடுக்கி விழுந்தால் அழாமல் எழுந்து, முட்டியைப் பார்த்து ரைட்டு. ஆட்டுக்குட்டி வைக்கோற்போருக்குப் பின்னால் மறைந்தால் குரலைத் தாழ்த்தி, கையை விரித்து ரைட்டு. போனை எடுத்து வந்து என் மடியில் போட்டு அவள் சொன்னால் அது நீங்கள். தினமும் வீடியோவில் உங்கள் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அதுதானே. அத்தையிடம் சொன்னால், "அடப் போ சாமி, உம்புருசனே நாலு வயசுக்குத்தான் வாயத் தெறந்தான். இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்கிறார்கள். எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இவளைவிட மூன்று மாதம் சின்னது, அது கதை சொல்கிறது.

கிளினிக்கில் மறுபடி 24ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வாருங்கள் மாமா. உங்களைக் கூப்பிட எனக்கு ரைட் இருக்கிறதா இல்லையா, அதையாவது எழுதுங்கள்.

உங்கள்
ஜெயப்பிரியா


ஜக்தல்பூர் கேம்ப்
14.2.2025

அன்புள்ள பிரியாவுக்கு தனபால் எழுதுவது. நலம். அம்மா, பாப்பா நலமா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோழி அடித்துக் காத்திருந்தாய் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு என்னுடையது. மனதில் வைத்துக்கொள்ளாதே கண்ணு.

24ஆம் தேதிக்கும் வர முடியாது. சீசன். இந்த ரிக்கில் டிரில்லர் நான் ஒருவன்தான். நேற்று ஒரு கிராமத்தில் எழுநூற்று இருபது அடி போய்த் தண்ணீர் வந்தது. ஊரே வந்து நனைந்தது. பாப்பா இருந்தால் குதித்திருப்பாள்.

நீ ரைட்டு பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். இங்கே நாங்கள் அதுகூடச் சொல்வதில்லை. கம்ப்ரசர் ஓடும்போது என்ன கத்தினாலும் பிரயோசனமில்லை. எல்லாம் கையால்தான். விரலைச் சுழற்றினால் ராடு மாட்டு. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. பத்து மணி நேரம் ஒரு சொல் பேசாமல் வேலை நடக்கும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி எதுவாக இருந்தாலும் இப்படி எழுதி அனுப்பு. போனில் பேச வேண்டாம். போன் போட்டாலும் பாப்பா முகத்தைக் காட்டு, போதும். காத்தான் மாதம் இரண்டு தடவை வருகிறான். நீ எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்
தனபால்


எருமப்பட்டி
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். பிறகு என்னென்னவோ நினைத்தேன். அதையெல்லாம் எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பெண்டாட்டி குரலே வேண்டாம் என்கிறவனைப் பற்றி ஒருத்தி வேறென்ன நினைப்பாள்.

24ஆம் தேதி நானும் பாப்பாவும்தான் போனோம். அத்தை வரவில்லை. கிளினிக்கில் சௌந்தர்யா என்று என் வயதுப் பெண். பாப்பாவை ஓர் அறையில் உட்கார வைத்து எங்கிருந்தோ சத்தம் கொடுத்தார். எறும்பு ஊர்கிற மாதிரிச் சத்தம், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உங்கள் மகள் டக்கென்று திரும்பினாள். "காது அருமையா கேக்குதுங்க்கா. பேச்சுதான் கொஞ்சம் பின்தங்கியிருக்குது. வாரம் ஒருக்கா கூட்டியாங்க, ஊட்ல நெறையப் பேச்சுக் குடுங்க, வந்துரும்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் விஷயம். அவர் தரையில் உட்கார்ந்து பாப்பாவோடு பேச்சுக் கொடுத்தார். உம் பேரென்ன சாமி? இவள் அவர் வாயையே பார்த்தாள். உதடு நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு சிரித்து, தலையை ஆட்டி, "ரைட்டு." பொம்மை எங்கே போச்சு? மறுபடி அதே மாதிரி. பார்ப்பது, காத்திருப்பது, சிரிப்பது, தலையாட்டுவது, ரைட்டு. நாலைந்து தடவை பார்த்துவிட்டு அவர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க்கா, ஊட்ல யாருக்காச்சும் காது மந்தமுங்களா? இது கொழந்தைங்க பண்ற மாதிரி இல்லீங்க. கேக்காத பெரியவங்க, கேட்ட மாதிரி சமாளிப்பாங்க பாருங்க, அப்படி இருக்குது. யாரையோ பாத்துப் பழகியிருக்குதுங்க."

எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ் ராசிபுரம் தாண்டும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு வந்தபோது டிவியை அத்தனை சத்தமாக வைத்தீர்கள். அத்தை சண்டை போட்டார்கள். அடுப்படியிலிருந்து சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் வரமாட்டீர்கள். நான் முன்னால் வந்து நின்றால் உடனே எழுவீர்கள். திமிர் என்று நினைத்தேன். பாப்பா ஒருநாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள். நீங்கள் திரும்பவே இல்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து உங்கள் கன்னத்தைப் பிடித்தாள். அன்றிலிருந்து யாரிடம் பேசுவதென்றாலும் அப்படித்தான் செய்கிறாள்.

வந்ததும் காத்தான் அண்ணனிடம் போனேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட, உனக்குத் தெரியாதா தங்கச்சி? மாப்ளயக் கூப்பிடோணும்னா வாய்ல கூப்பிட்டா ஆவாது, முதுவுல ஒண்ணு போடோணும். நாங்கெல்லாம் அப்படித்தான்."

மாமா, நேராகக் கேட்கிறேன். உங்களுக்குக் காது கேட்கிறதா? நான் போனில் சொன்னது எதுவுமே உங்களுக்குக் கேட்கவில்லையா?

உங்கள்
பிரியா


ஜக்தல்பூர் கேம்ப்
9.3.2025

பிரியா,

கேட்கவில்லை.

இடது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் பாதி. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். போனில் ஏதோ கொர கொர என்று வரும், அதில் உன் குரலை எங்கே தேடுவது? இங்கே சிக்னலுக்கு வீடியோவும் நின்று நின்றுதான் வரும், வாயைப் பார்த்தும் பிடிக்க முடியாது. நீ நிறுத்தினதும் ரைட்டு என்பேன். எதைக் கேட்டாலும் அதற்கு ஒத்துப்போகும் என்று நினைத்தேன். நீ ஐந்தாம் தேதிக்கு வரச் சொன்னது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டிரில்லருக்குக் காதுதான் கண். துளைக்கிற பிட்டு மண்ணில் போகிறதா, பாறையில் போகிறதா, வெடிப்பில் விழப்போகிறதா என்று ஹேமர் சத்தம் சொல்லும். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். ஜனவரியில் ஒரு போர்வெல்லில் சத்தம் மாறியதை நான் பிடிக்கவில்லை. அறுநூற்று நாற்பது அடியில் ஹேமர் மாட்டிக்கொண்டது. மேனேஜர் மயில்சாமி அண்ணன் பாறை கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். நானும் வாயை மூடிக்கொண்டேன். தெரிந்தால் என்னை ரிக் ஓட்டும் லீவரில் நிற்க விடமாட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து இதுதான் தெரியும். அதைவிட உன் முகத்தை நினைத்துத்தான் பயம். செவிடனுக்கு வாக்கப்பட்டேனே என்று நீ நினைத்துவிட்டால்?

பாப்பா என்னைப் பார்த்துப் பழகினாள் என்று படித்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அவள் ரைட்டு என்று சொல்வதாக எழுதியிருக்கிறாய். போனில் அவள் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் என்னிடம் வந்ததே இல்லை. பிறந்தபோது அழுதது கேட்டது, அதோடு சரி. அவள் குரல் எப்படி இருக்கும்? நீ படித்தவள், உனக்கு எழுத வரும். எழுதி அனுப்பு.

தனபால்


எருமப்பட்டி
23.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் வெங்காயக் காட்டு வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு வருடம் நான் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். உங்கள் பிறந்தநாளுக்குப் போனில் என்னென்ன சொன்னேன் தெரியுமா? நல்லவேளை, கேட்கவில்லை. நேரில் சொல்கிறேன்.

அத்தையிடம் சொன்னேன். நம்பவில்லை. "எம்பையனா? காட்டுக்கு அந்தப் பக்கம் நான் கூப்பிட்டா இந்தப் பக்கமிருந்து ஓடியாருவான்" என்றார்கள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து, "அவன வரச்சொல்லி எழுது சாமி. வேலை கெடக்குது" என்றார்கள். அடுத்த வாரம் கிளினிக்குக்கு என்னோடு வருகிறார்கள்.

சௌந்தர்யாவிடமும் கேட்டேன். இரைச்சலில் போன காது பழையபடி திரும்புவது கஷ்டமாம். ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு பிடிபடவும் கூடும், சோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்த மிச்சத்திலிருந்து போய்க்கொண்டே இருக்குமாம். சீசன் முடியட்டும் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மயில்சாமி அண்ணனிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். லீவரில் நிறுத்தமாட்டார் என்றால் போகட்டும். திருச்செங்கோட்டுப் பட்டறையில் ரிக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆளுக்கா வேலை இருக்காது? இல்லையென்றாலும் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சேருகிறேன். உங்களுக்கு வாக்கப்பட்டதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாப்பா குரலை எழுதச் சொன்னீர்கள். நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். காலையில் எழுந்ததும் கொஞ்சம் அடைத்தாற்போல், கரகரப்பாக இருக்கும். பால் குடித்ததும் தெளிந்துவிடும். பெரிய குரல் இல்லை. ஆனால் கூரை ஓட்டில் ஏதோ சிறிசாக விழுந்து உருள்கிற மாதிரி, சொல்லி முடித்த பிறகும் கொஞ்சதூரம் போகும். கோபம் வந்தால் கடைசி எழுத்தை மூச்சு முட்டும்வரை இழுப்பாள். தூக்கத்தில் சிரித்தால் அது வேறு குரல், அது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. படித்துப் பார்த்தால் இதில் எதுவும் அவள் இல்லை. இது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். பி.ஏ. படித்து என்ன, எழுத்தில் வரமாட்டேன் என்கிறது மாமா. இருக்கிற காதோடு வந்து கேளுங்கள். உங்கள் வலது பக்கம் உட்கார வைக்கிறேன், காதோடு வாயை வைத்துப் பேசட்டும்.

கிளினிக்கில் ஏப்ரல் ஏழாம் தேதி உங்களுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்திருக்கிறேன். காத்தான் அண்ணன் இரண்டு நாள் அங்கே இருப்பாராம். வருகிறீர்களா இல்லையா என்று எழுதி அவரிடமே கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
பிரியா